தார்நாகாவில் ஒரு வெற்று டிஸ்க்

அத்தியாயம் 5

சீதாராமன் சாப்பாட்டு மேஜையில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்து, அதன் நடுவில் அந்த டிஸ்க்கை வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம். அதற்குப் பக்கத்தில் மூடி கழற்றிய பேனா.

"போஸ்ட்மார்ட்டத்துக்கு எல்லாம் ரெடி. டாக்டர்தான் பாக்கி," என்று மங்கையர்க்கரசியின் காதோரம் கிசுகிசுத்தாள் ஃபாத்திமா.

மங்கையர்க்கரசி முறைத்தாள். முறைத்துப் பிரயோஜனம் இல்லை என்பது அவளுக்கு ஐந்து வருஷமாகத் தெரியும். ஃபாத்திமாவின் பூர்வீகம் மேல்விஷாரம் என்றாலும் பிறந்து வளர்ந்ததெல்லாம் ஹைதராபாத். வாயை மூடு என்றால் "ஹவ் மேடம்", சரி மேடம், என்பாள். மூடமாட்டாள். அமீர்பேட்டில் ஜாவாவும் ஆரக்கிளும் கற்றுத்தரும் இன்ஸ்டிட்யூட் போர்டுகளுக்கு நடுவே, மூன்றாவது மாடியில், இவர்கள் இருவரும்தான் மொத்த துப்பறியும் நிறுவனம். வேலைக்குச் சேரும் பிள்ளைகள் கொடுக்கும் அனுபவச் சான்றிதழ்களில் எது போலி என்று ஐ.டி. கம்பெனிகளுக்குக் கண்டுபிடித்துச் சொல்வதுதான் பிழைப்பு. நிஜமான கேஸ் ஒன்று படியேறி வருவது வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ.

செவ்வாய்க்கிழமை அப்படிப் படியேறி வந்தவர்தான் இந்த சீதாராமன். வயது அறுபத்தெட்டு. தார்நாகாவில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் முப்பத்திரண்டு வருஷம் ரசாயன விஞ்ஞானி. மனைவி வேதா போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஒரே மகன் ஜெயராம் ஜப்பானில், யோகஹாமாவில் இருக்கிறான்.

"மறுபடியும் முதல்லேருந்து சொல்லுங்க சார்," என்றாள் மங்கை. "ஃபாத்திமா அன்னிக்கு லீவு."

"போன வருஷம் செப்டம்பர்ல கூரியர்ல வந்தது. அப்போ நான் வேதாவோட வருஷாப்திகத்துக்கு ஸ்ரீரங்கம் போயிருந்தேன். எதிராத்து எலிசபெத்துதான் கையெழுத்துப் போட்டு வாங்கி வெச்சிருந்தா. நாலு நாள் அவகிட்ட இருந்தது. நான் வந்ததும் கொடுத்தா. உள்ளே இந்த டிஸ்க், கூட ஒரு காகிதம்."

காகிதத்தை நீட்டினார். மடித்து மடித்து மடிப்பெல்லாம் கிழியும் நிலையில் இருந்தது. 'அப்பா, இதைப் பாருங்கள். பார்த்த பிறகு பேச வேண்டும் என்று தோன்றினால் கூப்பிடுங்கள். தோன்றாவிட்டால் நான் தொந்தரவு செய்ய மாட்டேன். ஜெயராம்.'

"பார்த்தேன். ஒண்ணும் இல்லை. சுத்த வெற்று டிஸ்க்."

அவர் நோட்டைத் திருப்பினார். விஞ்ஞானி இல்லையா? தேதி, நேரம் எல்லாம் போட்டுச் சோதனைகளைக் குறித்திருந்தார். சோதனை ஒன்று: வீட்டு டி.வி.டி. பிளேயர். முடிவு: 'டிஸ்க் இல்லை' என்று காட்டுகிறது. சோதனை இரண்டு: பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு மெல்லத் துடைத்த பின், அதே பிளேயர். முடிவு: மாற்றமில்லை. சோதனை மூன்று: தெருமுனை சி.டி. கடை. சோதனை நான்கு: பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டர். எல்லாவற்றுக்கும் அதே முடிவு.

"உங்க பையனையே கேட்டிருக்கலாமே அங்கிள்?" என்றாள் ஃபாத்திமா.

அவர் நோட்டை மூடி வைத்தார்.

"வேதாவுக்கு கேன்சர்னு அவனுக்கு மே மாசமே தெரியும். எனக்குத் தெரிஞ்சது ஆகஸ்ட்ல. அவ போறதுக்கு மூணு வாரம் முன்னாடி. நாலு மாசம் என்னைப் பைத்தியக்காரனா வெச்சிருந்தான். பதிமூணாம் நாள் எல்லார் முன்னாடியும், இனிமே இந்த வாசப்படி ஏறாதேன்னு சொல்லிட்டேன். ஏறலை." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்ன கோபம் இருந்தாலும் வெறும் டிஸ்க்கை அனுப்பி என்னைக் கேலி பண்ற பையன் இல்லை அவன். அதனால யாரோ மாத்தியிருக்கா. எலிசபெத் சனிக்கிழமை வீட்டைக் காலி பண்ணிண்டு நாகர்கோவில் போறா. லாரி சொல்லியாச்சு. அவ போயிட்டா அந்த டிஸ்க்கும் போயிடும். நீங்க கண்டுபிடிச்சுத் தரணும்."

இன்று வியாழன்.

எதிர் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. ஹால் முழுக்க அட்டைப்பெட்டிகள். எலிசபெத்துக்கு அறுபது வயது இருக்கும். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். தனியாள். பழைய சேலைகளில் பீங்கான் தட்டுகளைச் சுற்றிக்கொண்டிருந்தாள். மங்கை தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு வந்த விஷயத்தைச் சொன்னதும், தட்டைச் சுற்றுவதை நிறுத்தினாள்.

"துப்பறியுத ஆளா? என்னையவா?"

"உங்களை மட்டும் இல்லைங்க. அந்தக் கூரியர் கவர் பிரிஞ்சிருந்ததான்னு..."

"கவரை நான் தொடவே இல்ல பாத்துகிடுங்க. அப்பிடியே எடுத்து அவரு கையில குடுத்தேன். எதிரெதிரு வீட்டுல இருந்துட்டு பதினாலு மாசமா என் முகத்தப் பாக்காத மனுசன், இப்ப ஆள் வச்சு விசாரிக்காராக்கும்?" அவள் குரல் உடைந்தது. "எல்லாத்தையும் பாத்தாச்சுல்லா. பாத்த பொறவும் என்ன கேள்வி?"

மங்கையின் காது நிமிர்ந்தது. காதுக்கு நிமிரத் தெரியுமானால் அப்படித்தான் நிமிரும்.

"எதைப் பாத்தாச்சு?"

எலிசபெத் அடுத்த தட்டை எடுத்துச் சுற்றத் தொடங்கினாள். திறந்திருந்த பெட்டியின் மேலாக நாகர்கோவில் ஜவுளிக் கடை ஒன்றின் காலண்டர் கிடந்தது. 2007 வருஷத்துக் காலண்டர். மே மாதத் தாளில் நின்றிருந்தது. நடப்பதோ 2009 நவம்பர். மூன்று தேதிகளில் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தது. மங்கையின் பார்வை போன திசையைப் பார்த்த எலிசபெத், அதைச் சட்டென்று எடுத்துக் கவிழ்த்து வைத்தாள்.

"எனக்கு வேலை கெடக்கு. நீங்க போயிட்டு வாங்க."

மாடிப்படித் திருப்பத்துக்கு வந்ததும் ஃபாத்திமா குதித்தாள்.

"கேஸ் க்ளோஸ் மேடம்! வெறும் டிஸ்க்ல பார்க்க என்ன இருக்கு? ஏதோ இருக்குன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? எடுத்தது அவங்கதான். காலண்டரைக் கவுத்த வேகம் பார்த்தீங்கல்ல?"

"பார்த்தேன்."

"அப்புறம் கைகூ? ஏன் இப்படி மூஞ்சியை வெச்சிருக்கீங்க?"

மங்கை பதில் சொல்லாமல், சீதாராமனிடம் கெஞ்சி வாங்கி வந்திருந்த டிஸ்க்கை உறையிலிருந்து எடுத்தாள். விளிம்பில் மட்டும் விரல் பட, ஜன்னல் வெயிலில் சாய்த்துப் பிடித்தாள். மேல் பக்கம் வெள்ளை. பெயர்கூட எழுதவில்லை. அடிப்பக்கம் வழக்கமான டி.வி.டி. போல ஊதாவாக மினுக்கவில்லை. கருத்த பழுப்பாக இருந்தது.

"நடுத் துளையிலேருந்து ஒரு விரல் அகலத்துக்கு நிறம் எப்படி இருக்கு? அதுக்கு வெளியே எப்படி இருக்கு?"

ஃபாத்திமா கண்ணைச் சுருக்கினாள். "உள்ளே கொஞ்சம் மங்கல். வெளியே பளபளப்பு. கோடு போட்ட மாதிரி பிரிஞ்சிருக்கு."

"ஆபீஸ்ல நாம சான்றிதழ் எல்லாம் எழுதி வைக்கிற சி.டி.யிலயும் அப்படித்தான் இருக்கும். எழுத எழுத உள்ளேயிருந்து வெளியே நிறம் மாறும். இது வெற்று டிஸ்க்னா மங்கல் வளையம் எங்கேயிருந்து வந்தது? இதுல ஏதோ எழுதியிருக்கு."

"அப்போ அந்த நாலு சோதனையும் பொய்யா?"

"இரு. துளை ஓரத்துல பொடி எழுத்து. படி."

ஃபாத்திமாவின் கண்களுக்கு இருபத்தாறு வயதுதான். படித்துவிட்டாள். "இருபத்தஞ்சு ஜி.பி." தலையைச் சொறிந்தாள். "டி.வி.டி.ல அஞ்சுகூட முழுசா வராதே மேடம். அச்சுப் பிழையா?"

"நீ ஒரு டிஸ்க்கைத் திருடிட்டு அந்த இடத்துல வெற்று டிஸ்க் ஒண்ணு வைக்கணும். எதை வைப்பே?"

"கோட்டி பஜார்ல பத்து ரூபாய்க்குக் கிடைக்கிறதை."

"இந்த ஊர்க் கடையில கண்ணால பார்க்கவே முடியாத ரகத்தைத் தேடிப் பிடிச்சு வைப்பியா?"

ஃபாத்திமா வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். மங்கைக்கு அது ஒரு சின்னத் திருவிழா.

"இதை யாரும் மாத்தலை. ஜப்பான்லேருந்து வந்தது இதுவேதான். சார் நாலு சோதனை பண்ணியிருக்கார். ஆனா நாலும் ஒரே ஜாதி மெஷின். ஒரே மாதிரி கண்ணு இருக்கிற ஆளுங்களை வரிசையா நிக்க வெச்சு சாட்சி கேட்டா, ஒரே பதில்தான் வரும்."

"சந்தோஷமான சமாச்சாரம்தானே? போய்ச் சொல்லிடலாம்."

"நக்கோ, வேண்டாம்," என்றாள் மங்கை, ஃபாத்திமாவின் பாஷையிலேயே. "அந்த மனுஷர் திருடனைத் தேடச் சொல்லி நம்மகிட்ட வரலை, ஃபாத்திமா. திருடன் ஒருத்தன் இருக்கணும்னு வேண்டிக்கிட்டு வந்திருக்கார். திருடன் இருந்தா மகன் நல்லவன். திருடன் இல்லைன்னு நான் பாதி உண்மையோட போய் நின்னா, மகன் வெறும் டிஸ்க் அனுப்பினவன்னு ஆயிடும். இதுல என்ன இருக்குன்னு தெரியாம அவர் முன்னாடி போகக் கூடாது."

அமீர்பேட் திரும்பும் ஆட்டோ மெட்டுகூடா தாண்டி, செகந்திராபாத் நெரிசலில் ஊர்ந்தது. ஃபாத்திமா போனில் தன் மூன்று அண்ணன்களோடும் மாறி மாறிச் சண்டை போட்டபடியே, இந்த ஊரில் இருபத்தைந்து ஜி.பி. டிஸ்க்கைப் படிக்கும் மெஷின் எங்கே இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு வந்தாள். மங்கை தன் போனை எடுத்துப் பார்த்தாள். நானூற்றுப் பன்னிரண்டு எண்கள். எல்லாம் கம்பெனிகள், கல்லூரிகள், மனிதவள மேலாளர்கள். காரணம் எதுவும் இல்லாமல் கூப்பிட்டு 'என்ன பண்றே' என்று கேட்கக்கூடிய எண் அதில் ஒன்றுகூட இல்லை. திருச்சியிலிருந்து இந்த ஊருக்கு வந்த பத்து வருஷத்தில் எப்படியோ இப்படி ஆகிவிட்டது. அவளுக்குத் தன் மேலேயே இரக்கமாக இருந்தது. போனைக் கைப்பைக்குள் போட்டாள்.

"கிடைச்சிடுச்சு மேடம்!" என்றாள் ஃபாத்திமா. "எங்க சின்ன அண்ணன் தினம் போய்க் காசைக் கரைக்கிற கேம் பார்லர். நம்ம ஆபீஸ்லேருந்து ரெண்டாவது சந்து."

"நம்ம பக்கத்துலேயேவா?"

"நாமதான் ஊரெல்லாம் துப்பறியறோமே!"

பார்லர்க்காரன் தமிழ்ச்செல்வன் சேலத்துக்காரன். சாஃப்ட்வேர் கோர்ஸ் படிக்க வந்து, 2001-ல் வேலைகள் எல்லாம் ஆவியாகிப்போனபோது ஊருக்குத் திரும்ப வெட்கப்பட்டு இங்கேயே தங்கிவிட்டவன். நான்கு டி.வி.களில் காலேஜ் பிள்ளைகள் கால்பந்து ஆடிக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவன் டிஸ்க்கை வாங்கினான். விளிம்பைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். புருவம் மேலே போனது.

"இது ப்ளூ-ரேங்க! எழுதற ப்ளூ-ரே. இதை இந்த ஊர்ல நான் பார்க்கறதே இதுதான் முதல் தடவை. எங்கீங்க கிடைச்சுது?"

"அது கிடக்கட்டும். எங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு வெச்சுக்கிட்டு சொல்லுங்க. டி.வி.டி. பிளேயர் ஏன் இதை வெறும் டிஸ்க்னு சொல்லுது?"

தமிழ்ச்செல்வன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டான். இதைக் கேட்க ஆள் வராதா என்று எட்டு வருஷமாகக் காத்திருந்த முகம்.

"ஊசியை நெனச்சுக்கங்க. சி.டி.யைப் படிக்கிற லேசர் வெளிச்சம் கோணி ஊசி மாதிரிங்க. தடியா இருக்கும். அதுக்குத் தகுந்த மாதிரி டிஸ்க்ல புள்ளியும் பெருசா இருக்கும். டி.வி.டி.க்கு சிவப்பு வெளிச்சம். அது தையல் ஊசி. இதுக்கு ஊதா கலந்த நீல வெளிச்சம். முத்து கோக்கற ஊசிங்க! வெளிச்சம் எவ்வளவு மெலிசோ, புள்ளியும் அவ்வளவு பொடிசா எழுதலாம். அதே அகலத் தட்டுதான், ஆனா அஞ்சு டி.வி.டி. அளவு இதுல அடங்கிடும். அதனாலதான் படம் முடி முடியா, தெளிவா தெரியும்."

"அப்போ கோணி ஊசியை முத்துல விட்டா?" என்றாள் ஃபாத்திமா.

"உள்ளேயே போகாதுங்க. இந்த முத்துல ஓட்டையே இல்லைன்னு சொல்லும்."

மங்கை மெல்லத் தலையசைத்தாள். தார்நாகாவில் பதினாலு மாசமாக நடந்தது அதுதான்.

"இன்னொண்ணு," என்றான் அவன். "டி.வி.டி.ல எழுத்து இருக்கிற இடம் தட்டோட நடு வயிறு. இதுல அப்படி இல்லைங்க, அடிப்பக்கத் தோலுக்குக் கீழேயே இருக்கும். மேல ஒரு தாள் கனம்தான் பாதுகாப்பு. யாராச்சும் போட்டுத் தேய்ச்சீங்களா?"

சோதனை இரண்டு. பஞ்சு, ஸ்பிரிட். மங்கை குனிந்து டிஸ்க்கின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். "மெல்லத் துடைச்சதா எழுதியிருக்கார்," என்றாள்.

அவன் ஓரத்து டி.வி.யில் ஆடிக்கொண்டிருந்த இருவரைக் கிளப்பிவிட்டு, ப்ளூ-ரேயும் படிக்கத் தெரிந்த பிளே ஸ்டேஷனில் டிஸ்க்கைச் செருகினான். மெஷின் முனகியது. திரை கறுப்பாகவே இருந்தது. மறுபடி முனகியது. பக்கத்தில் யாரோ கோல் போட்டுக் கத்தினார்கள்.

திரையில் ஒரு பெண்மணி வந்தாள்.

ஐம்பத்தெட்டு, அறுபது வயது இருக்கும். மூங்கில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மூக்குத்தியில் ஒரு கல் மங்கியிருந்ததுகூடத் தெரிந்தது. காதோரம் வெட்டிவிட்ட நரைமுடி தெரிந்தது. கேமராவைப் பார்த்து, அதற்குப் பின்னால் இருக்கும் யாரையோ பார்த்து, "ஆரம்பிச்சாச்சாடா?" என்றாள். பிறகு நேராகப் பார்த்து, கொஞ்சம் வெட்கப்பட்டு, "ஏன்னா, நான்தான் பேசறேன்," என்றாள்.

"நிறுத்துங்க," என்றாள் மங்கை.

தமிழ்ச்செல்வன் நிறுத்தினான்.

"மேடம்!" ஃபாத்திமா பதறினாள். "இப்பதானே ஆரம்பிக்குது!"

"இது நமக்கு வந்த கடிதம் இல்லை. அவர் பிரிக்கிறதுக்கு முன்னாடி நாம படிக்கக் கூடாது."

ஆனால் நின்றுபோன படத்திலிருந்து அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை. வேதாவின் தோளுக்குப் பின்னால் சுவர். சுவரில் ஒரு காலண்டர். ஜவுளிக் கடை பெயர் எழுத்து எழுத்தாகத் தெரிந்தது. கடையின் ஊர் நாகர்கோவில். மே 2007. மூன்று தேதிகளைச் சுற்றி சிவப்பு வட்டம். சாதாரணப் படமாக இருந்திருந்தால் சுவரில் ஏதோ கலர்க் கறை என்றுதான் தெரிந்திருக்கும்.

"ஃபாத்திமா, இது யார் வீடு?"

ஃபாத்திமா திரைக்கு ஒரு அடி பக்கத்தில் போய் நின்றாள். "யா அல்லா," என்றாள். "எலிசபெத் ஆன்ட்டி வீடு. டிஸ்க்கைத் திருடினவங்க இல்லை. டிஸ்க்குக்கு வீடு கொடுத்தவங்க."

மெஷினை வெளியே அனுப்ப தமிழ்ச்செல்வன் மறுத்தான். ஃபாத்திமா ஆபீஸ் வாசலில் நிற்கும் தன் ஸ்கூட்டியின் சாவியை அவன் மேஜையில் வைத்தாள். அவன் யோசித்தான். அவள் ஆபீஸுக்கு ஓடிப்போய் ஹெல்மெட்டையும் கொண்டுவந்து வைத்தாள். அவன் பெருமூச்சு விட்டு ஒயரைக் கழற்றினான்.

மாலை ஐந்தேகாலுக்கு எலிசபெத்தின் வாசலில் மங்கை நின்றாள்.

"உங்க வீட்டுக் காலண்டரை அந்த டிஸ்க்ல பார்த்துட்டேன்," என்றாள். "அதுக்கு மேல எதையும் பார்க்கலை. நீங்க தப்பா நெனைச்சுக்கிட்டு இருக்கீங்க. சார் அதைப் பார்க்கவே இல்லை. அவர் வீட்டு மெஷின்ல அது ஓடாது."

எலிசபெத் அசையாமல் நின்றாள். கையில் இருந்த பாக்கிங் நாடா தரையில் உருண்டு போனது.

"பாக்கலியா?"

"இல்லை. வெறும் டிஸ்க்னு நெனைச்சுக்கிட்டு இருக்கார். நீங்க மாத்திட்டீங்கன்னு சந்தேகப்பட்டார்."

"என் மாதாவே!" அவள் ஒரு பெட்டி மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ஸ்கேனுக்கு மூணு தடவ நாந்தான் வேதாக்காவ கூட்டிட்டுப் போனேன். அந்தத் தேதியத்தான் வட்டம் போட்டு வச்சிருந்தேன். ஒருநாள் அந்தப் பிள்ளை கேமராவோட வந்தான். அவரு வாக்கிங் போயிருந்த நேரம், இங்க வச்சுத்தான் எடுத்தான். ஜப்பான் கவரு வந்ததும் அந்தப் படந்தான்னு எனக்குத் தெரியும், பாத்துட்டு ஒரு வார்த்த கேப்பாருன்னு இருந்தேன். அவரு கதவ அடைச்சிட்டாரு. நானும் சேந்து மறைச்சேன்னு கோவம், மன்னிக்க மாட்டாருன்னு நெனச்சேன். ஒவ்வொரு நாளும் அவரு கதவு தெறக்குத சத்தம் கேட்டா நான் வெளிய வராம உள்ள நிப்பேன். எத்தன நாளைக்கு நிக்க முடியும்? அதான் ஊருக்கே போயிருலாம்னு..."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எட்டடி அகலத் தாழ்வாரம். இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருவர். பதினாலு மாசம். மங்கைக்குத் தாங்கவில்லை. எலிசபெத்தின் கையைப் பிடித்து எழுப்பினாள்.

சீதாராமன் கதவைத் திறந்தார். மங்கையைப் பார்த்தார், ஃபாத்திமா கையிலிருந்த கறுப்புப் பெட்டியைப் பார்த்தார், கடைசியில் எலிசபெத்தைப் பார்த்தார். முகம் இறுகியது.

"ஒப்புத்துண்டாளா?"

"திருட்டே நடக்கலை சார்," என்றாள் மங்கை. "உங்க பையன் அனுப்பினது இதேதான். இதுல உங்களுக்கு ஒரு சேதி இருக்கு. இதைப் படிக்க வேற மெஷின் வேணும். உங்ககிட்ட அது இல்லை, அவ்வளவுதான்."

அவர் புரியாமல் நின்றார். பிறகு விஞ்ஞானி மூளை தானாக ஓடியது. "நாலு சோதனையும்..."

"நாலும் சிவப்பு வெளிச்சம். இதுக்கு நீலம்."

"அலைநீளம்," என்றார் அவர் முணுமுணுப்பாக. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "அலைநீளம் தப்பு. பி.ஹெச்டி. பண்ணவனுக்கு இது தோணலையே." இதைச் சொல்லும்போது அவர் தன்னையே அடித்துக்கொள்வது போல இருந்தது.

ஃபாத்திமா பழைய டப்பா டி.வி.யின் பின்னால் புகுந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்களைச் செருகினாள். மங்கை கிளம்ப எழுந்தாள்.

"இருங்கோ," என்றார் சீதாராமன். "எல்லாரும் இருங்கோ. என்னால தனியா பார்க்க முடியாது." எலிசபெத்தைப் பார்த்து, "நீயும் உட்காரும்மா," என்றார்.

பழைய டி.வி.யில் மூக்குத்திக் கல்லெல்லாம் தெரியவில்லை. காலண்டரும் ஒரு கறையாகத்தான் தெரிந்தது. அவருக்கு அதெல்லாம் வேண்டியிருக்கவில்லை.

"ஏன்னா, நான்தான் பேசறேன். எலிசபெத் ஆத்துல உட்கார்ந்துண்டு பேசறேன். நீங்க இதைப் பார்க்கும்போது நான் இருக்க மாட்டேன். எனக்கு உடம்பு சரியில்லைன்னு இப்போ ஜெயராமுக்குத் தெரியும், எலிசபெத்துக்குத் தெரியும். உங்களுக்கு மட்டும் தெரியாது. குழந்தை உங்ககிட்ட சொல்றேன்னுதான் நின்னான். நான்தான் அவன் கையில அடிச்சு சத்தியம் வாங்கிண்டேன். எலிசபெத்கிட்டயும் வாங்கிண்டேன். அவாளைக் கோச்சுக்காதேங்கோ. உங்களுக்குத் தெரிஞ்சா மறுநாளே என்னைப் பேஷண்டா பார்க்க ஆரம்பிச்சுடுவேள். காபி தண்ணியா இருந்தாலும் நன்னாயிருக்குன்னு பொய் சொல்லுவேள். எனக்கு அது வேண்டாம். முடிஞ்ச வரைக்கும் நீங்க வழக்கம்போல என்கூட சண்டை போடணும். என் ஆசைக்காகப் பண்ணினேன். தப்புன்னா என் தப்பு."

அவள் ஒரு நிமிஷம் கேமராவுக்குப் பின்னால் பார்த்தாள். "அழாதேடா, படம் ஆடறது," என்றாள். படம் உண்மையிலேயே ஆடியது.

"நான் போனப்புறம் உங்க ரெண்டு பேருக்கும் சண்டை வந்துதுன்னா இதை அவர்கிட்ட காட்டுன்னு சொல்லியிருக்கேன். அவன் காட்டிட்டான்னா, சண்டை வந்துடுத்துன்னு அர்த்தம். போதும், விடுங்கோ. அவனைக் கூப்பிடுங்கோ. அவன் உங்களை மாதிரிதான். தானா கூப்பிட மாட்டான்."

திரை கறுத்தது. ஃபாத்திமா டி.வி.க்குப் பின்னாலேயே உட்கார்ந்து, தலையில் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு அழுதாள். சீதாராமன் அழவில்லை. இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, அணைந்த திரையையே பார்த்திருந்தார்.

"அதுல வேலை பார்க்கிறவன் அவன்," என்றார். "இந்த மாதிரி மெஷின் பண்ற கம்பெனியிலதான் இருக்கான். அங்கே வீட்டுக்கு வீடு இருக்கும்போல. அப்பா ஆத்துல இருக்காதுன்னு அவனுக்குத் தோணலை. ஓடலைடான்னு ஒரு போன் பண்ண எனக்குத் தோணலை."

"இப்ப ஜப்பான்ல மணி என்ன சார்?" என்றாள் மங்கை.

"ஒன்பதரை இருக்கும்."

அவர் எழுந்து போய்த் தொலைபேசியின் பக்கத்தில் நின்றார். ரிசீவரை எடுத்தார், வைத்தார். மறுபடி எடுத்தார். நோட்டைப் பார்க்காமலே பதினாலு இலக்கத்தையும் மனப்பாடமாக அழுத்தினார்.

மணி அடிப்பது மங்கைக்கும் மெல்லக் கேட்டது. நான்கு முறை அடித்தது. பிறகு யாரோ எடுத்தார்கள்.

"ஜெயராம். அப்பா பேசறேன்."

தொலைபேசி ஒயரை விரலில் சுற்றினார்.

"அந்த டிஸ்க்குக்கு வேற மெஷின் வேணுமாம்டா. எனக்குத் தெரியலை."

அந்தப் பக்கத்திலிருந்து என்ன வந்தது என்று மங்கைக்குக் கேட்கவில்லை. சீதாராமனின் முகம்தான் தெரிந்தது. அவர் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

"இல்லடா," என்றார். "பார்த்துட்டு கூப்பிடாம இருக்கலைடா கண்ணா. இன்னிக்குத்தான் பார்த்தேன். இப்போதான்."